இருபுறமும் ஆய்ந்தெழுதும் ஆங்கிலக் கட்டுரை

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழாக் காணும் ஒரு கல்விச் சங்கம் தான் கடந்து வந்த பாதையை எண்ணி மகிழ்வது இயல்பே. அதனுடன், அடுத்த தலைமுறையின் கையில் எந்தக் கருவியைக் கொடுத்து அனுப்புகிறோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்கருவிகளுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். ஒரு பொருளின் இருபுறங்களையும் ஆராய்ந்து, நடுவுநிலை பிறழாது ஒரு முடிவைக் கூறும் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதும் திறனே அக்கருவி. ஆங்கிலத்தில் இதனை 'டிஸ்கர்சிவ் எஸ்ஸே' என்பர்.

"தாய்மொழி இருக்க ஆங்கிலம் எதற்கு?" என்று சிலர் வினவக்கூடும். சிந்திப்பதற்குத் தாய்மொழியினும் சிறந்தது வேறில்லை. ஆயினும் நம் உரிமைகள் பற்றிய வழக்குகளை இறுதியாகத் தீர்க்கும் உச்ச நீதிமன்றத்தின் நடவடிக்கைகள் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. இந்திய ஆட்சிப் பணி முதலியவற்றுக்கான முதன்மைத் தேர்வில் கட்டுரைத்தாளைத் தமிழில் எழுத உரிமை உண்டு. ஆயின் 300 மதிப்பெண்களுக்கான தகுதி ஆங்கிலத்தாளில் தேறாதவரின் ஏனைய விடைத்தாள்கள் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. அந்த ஆங்கிலத்தாளிலும் கட்டுரை உண்டு.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். இரட்டைமலை சீனிவாசனார் 1893ஆம் ஆண்டில் 'பறையன்' இதழைத் தமிழில் தொடங்கினார். நம் மக்கள் சார்பில் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பமும் அனுப்பினார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கருடன் அமர்ந்தார். எம்.சி. ராஜா அவர்கள் 1925இல் 'தி ஒப்ரஸ்டு ஹிண்டூஸ்' என்ற நூலை ஆங்கிலத்தில் எழுதினார். ஊராரிடம் ஊர் மொழியிலும், அதிகாரத்திடம் அதிகாரத்தின் மொழியிலும் பேச அவர்கள் அறிந்திருந்தனர்.

இனி, இக்கட்டுரையின் இலக்கணத்தைக் காண்போம். வருணனைக் கட்டுரை ஒன்றைக் காட்டுகிறது. பரப்புரைக் கட்டுரை ஒரு பக்கத்தை மட்டும் வலியுறுத்துகிறது. நாம் கூறும் கட்டுரையோ வழக்காடு மன்றத்தை ஒத்தது. அதில் இரு தரப்பு வழக்கறிஞரும் நீங்களே. இறுதியில் தீர்ப்பு எழுதும் நீதிபதியும் நீங்களே. இரு தரப்பும் முழுமையாகப் பேச இடம் தராத மன்றத்தின் தீர்ப்பை எவர் மதிப்பர்?

இவ்விடத்தில்தான் நம் பிள்ளைகளுக்கு ஏனையோர்க்கில்லாத ஓர் இடர்ப்பாடு நேர்கிறது. "மரண தண்டனை வேண்டுமா?" என்னும் தலைப்பு பிறர்க்கும் நமக்கும் ஒன்றே. ஆனால், "இடஒதுக்கீட்டுக்குச் சாதியை விடுத்துப் பொருளாதார நிலையையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்" என்று தலைப்புத் தந்தால், பக்கத்து மேசையில் இருப்பவருக்கு அது பொது அறிவு வினா. நமக்கோ அது நம் பாட்டனின் கதை. அப்போது நம் மாணவர்களுள் ஒரு சாரார் சினத்தை அப்படியே தாளில் கொட்டுகின்றனர். மற்றொரு சாரார், திருத்துபவர் யாரோ என்று அஞ்சி, தம் மனத்துக்கு ஒவ்வாததையே எழுதி வைக்கின்றனர். இவ்விரண்டாலும் இழப்பு நமக்கே.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. மறுதரப்பின் வாதத்தை, அவர்களே கண்டு வியக்கும் அளவுக்கு நேர்மையாக எடுத்துரையுங்கள். அதன்பின் அதற்கு விடை கூறுங்கள்.

மேற்கூறிய தலைப்பையே எடுத்துக்கொள்வோம். அதற்குச் சார்பான வாதங்கள் யாவை? எல்லாச் சாதியிலும் வறியோர் உளர். ஒதுக்கீட்டின் பயன் ஒவ்வொரு பிரிவிலும் ஓரளவு முன்னேறிய குடும்பங்களுக்கே மீண்டும் மீண்டும் சேரக்கூடும். சாதியை அளவுகோலாகக் கொண்டால் சாதியுணர்வு நீடிக்கும் என்றும் கூறுவர். இவற்றைத் திரிக்காமல் ஒரு பத்தியில் எழுதுங்கள்.

எதிரான வாதங்கள் யாவை? அரசியலமைப்பின் 16(4)ஆம் பிரிவு, அரசுப் பணிகளில் போதிய பிரதிநிதித்துவம் பெறாத பின்தங்கிய வகுப்பினரைப் பற்றிப் பேசுகிறது. வறுமை ஒழிப்பைப் பற்றி அன்று. வறுமைக்கு உதவித்தொகை, விடுதி, கட்டணச் சலுகை எனப் பல மருந்துகள் உள. தீண்டாமைக்கோ பணம் மருந்தாவதில்லை. கை நிறையச் சம்பளம் வாங்குபவருக்கும் சாதி கேட்டு வாடகை வீடு மறுக்கப்படுவதுண்டு.

அடுத்து, சான்று. 1992ஆம் ஆண்டு இந்திரா சஹானி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, பொருளாதார நிலையை மட்டும் கருதி வழங்கிய 10 விழுக்காடு ஒதுக்கீட்டைச் செல்லாதென்றது. 2019இல் 103ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அத்தகைய ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது. 2022 நவம்பர் 7ஆம் நாள் ஐந்து நீதிபதிகளுள் மூவர் அதனை ஏற்றனர், இருவர் மாறுபட்டனர். மாறுபட்ட இருவரும் பொருளாதார அளவுகோலை முற்றாக மறுத்திலர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பின்தங்கிய வகுப்பினர் ஆகியோருள் உள்ள ஏழைகளை அதிலிருந்து விலக்கியதையே பெரிதும் மறுத்தனர். ஏற்கத்தக்கதை ஏற்று, ஏற்கத்தகாததை மட்டும் மறுக்கும் அந்த முறையைக் கூர்ந்து கவனியுங்கள். நாம் கற்க வேண்டிய கலை அதுவே.

ஆகவே உங்கள் முடிவுரை இவ்வாறு அமையலாம்: வறியோர் எச்சாதியினராயினும் அரசின் உதவிக்கு உரியர், ஆயின் பிரதிநிதித்துவத்துக்கென ஏற்பட்ட ஒதுக்கீட்டின் இடத்தில் வறுமையை மட்டும் அளவுகோலாக வைத்தால், அது தீர்க்கப் பிறந்த சிக்கல் தீராமலே நிற்கும். இம்முடிவில் அச்சமுமில்லை, வசையுமில்லை. மாற்றுக் கருத்துடைய திருத்துநரும் இதற்கு மதிப்பெண் குறைக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

இம்முறைக்கு வழிகாட்டியை நாம் வெளியே தேட வேண்டுவதில்லை. 1936இல் இலாகூரில் நடைபெறவிருந்த ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்கென டாக்டர் அம்பேத்கர் ஆங்கிலத்தில் ஒரு தலைமையுரை எழுதினார். சில பகுதிகளை நீக்க வேண்டுமென மண்டலியார் கேட்க, அவர் மறுத்தார், மாநாடு கைவிடப்பட்டது. அவ்வுரையைத் தம் செலவில் நூலாக அச்சிட்டார். அதுவே 'சாதி ஒழிப்பு'. அது நடுநிலை காட்டும் நூலன்று. அதன் முடிவு நெருப்பை ஒத்தது. ஆயினும் மறுதரப்புக்கு அவர் தரும் இடத்தைப் பாருங்கள். சாதி என்பது தொழிற்பகுப்பே என்பாரின் வாதத்தையும், இனத்தூய்மை பேசுவாரின் வாதத்தையும், பொருளாதார மாற்றமே முதலில் வேண்டுமென்னும் சமவுடைமையாளரின் வாதத்தையும் தனித்தனியே எடுத்து நிறுத்தி விடை கூறுகிறார். காந்தியடிகள் 'ஹரிஜன்' இதழில் அந்நூலை விமரிசித்தபோது, 1937ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அவ்விமரிசனத்தையும் சேர்த்து அச்சிட்டு, தம் மறுமொழியையும் உடன் வைத்தார். தம் வாதத்தில் உறுதி உள்ளவரே எதிர்வாதத்தைத் தம் நூலுக்குள் அழைப்பர்.

சினத்தை அவர் எங்கே வைத்தார் என்பதையும் காணுங்கள். குசராத்தில் கவிதா என்னும் சிற்றூரில், தீண்டப்படாதார் தம் பிள்ளைகளை அரசின் பொதுப்பள்ளிக்கு அனுப்பலாகாதெனச் சாதி இந்துக்கள் தடுத்த செய்தியை ஊர்ப்பெயருடன் அந்நூலில் எழுதினார். நூறு வசைச்சொற்கள் செய்யாததை அந்த ஓர் ஊர்ப்பெயர் செய்கிறது. சினம் கொள்வது குற்றமன்று. அதனைச் சான்றாக மாற்றத் தெரிதல் வேண்டும்.

இனி எழுதும் முறை. முதற்பத்தியில் தலைப்பை உங்கள் சொற்களில் விளக்கி, அதிலுள்ள பூசல் இன்னதென்று காட்டுங்கள். பழமொழி கொண்டும், பெரியோர் பொன்மொழி கொண்டும் தொடங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு பத்திக்கு ஒரு கருத்து. அதனை அப்பத்தியின் முதல் வாக்கியத்திலேயே கூறி, காரணமும் சான்றும் தொடரச் செய்யுங்கள். முடிவுரையில் புதுச் சான்று எதையும் நுழைக்காதீர்கள். ஆட்சிப் பணித் தேர்வின் கட்டுரைத்தாளில் மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும். ஒன்றுக்குரிய தொண்ணூறு நிமிடங்களில் இருபதைச் சிந்தனைக்கும் குறிப்புக்கும், அறுபதை எழுத்துக்கும், பத்தைத் திரும்பப் படிப்பதற்கும் ஒதுக்குங்கள்.

மொழியைப் பற்றியும் சில சொற்கள். "படித்து, தேறி, வேலை தேடி, கிடைக்காமல் ஊர் திரும்பினான்" என்று பல வினைகளை ஒரே முற்றில் முடிக்கத் தமிழ் இடம் தருகிறது. அதனை அப்படியே ஆங்கிலமாக்கினால் 'அண்ட், அண்ட்' என்று வாக்கியம் முடிவின்றி ஓடும். அதனை இரண்டு மூன்றாக உடைத்து எழுதுங்கள். 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' வாராது. 'பற்றி' என்னும் நம் சொல்லின் பழக்கத்தால் 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதுகிறோம். 'டிஸ்கஸ்' மட்டுமே போதும். 'ஏ', 'தி' என்னும் சிறு சொற்கள் தமிழில் இல்லாமையால் அவற்றை மறக்கிறோம். திரும்பப் படிக்கையில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் முன்னும் அவற்றைத் தேடுங்கள். 'டோன்ட்' என்று சுருக்காமல் 'டூ நாட்' என்று விரித்தெழுதுங்கள். 'ஆல்', 'ஆல்வேஸ்' என்று அளவுகடந்து கூறினால் ஒரே ஒரு விலக்கைக் காட்டி உங்கள் வாதத்தை வீழ்த்திவிடுவர்; 'மெனி', 'ஆஃபன்' என்று அளந்து கூறுங்கள். அரிய சொற்களை அகராதியில் தேடி அடுக்காதீர்கள். எளிய சொல்லைப் பிழையின்றி எழுதுவதே புலமை.

இறுதியாக, சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்தில் வாரம் ஒருநாள் மாலை இதற்கென ஒதுக்கப்படுமாக. ஒரு தம்பியோ தங்கையோ தாம் எழுதிய கட்டுரையைப் படிக்கட்டும். வேறொருவர் மறுதரப்பில் நின்று அதனைத் தாக்கட்டும். அடுத்த வாரம் இருவரும் பக்கம் மாறட்டும். ஆங்கில நாளிதழ் ஒன்றின் தலையங்கத்தை எடுத்து, மறுதரப்புக்கு அதில் எத்தனை வரிகள் தரப்பட்டுள்ளன என்று எண்ணிப் பார்க்கட்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு விளக்கும் சில தாள்களும் போதும்.

நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய தீர்ப்புகளை நெடுங்காலம் படித்து வந்தோம். இரு தரப்பையும் கேட்டு, காரணம் காட்டி, நம் பெயரிட்டு நாமே தீர்ப்பெழுதப் பழகுவோம்.