கடல் கடந்து கண்ட பழைய ஊர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மேடையேறிப் பேசும் பழக்கம் நமக்கு இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இக்கரக்பூரில் ரயில்வே எழுத்தராகக் காலந்தள்ளி வருகிறோம். "உங்கள் கப்பற் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். இன்பச் செலவின் கதையை எதிர்பார்த்தார்கள் போலும். இன்பமும் அதில் உண்டு. நாம் செய்த பிழை ஒன்றும் அதில் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுவதே முறை.

நாம் பிறந்து வளர்ந்த ஊர் அந்தமானிலுள்ள போர்ட் பிளேயர். 2024-இல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினர். ஆயினும் பழகிய நா பழைய பெயரையே சொல்கிறது. பயணிகள் ரயில் என்பதே இல்லாத தீவில் பிறந்தவன், ரயிலை நம்பிச் சோறு உண்ண வந்தது ஒரு வேடிக்கைதான்.

நம் தந்தையார் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து இளமையிலேயே கப்பலேறியவர். 1883-இல் தொடங்கப்பெற்ற சாத்தம் மரமறுக்கும் ஆலையில் தொழிலாளியாக இருந்தார். படாக் மரத்தின் செந்தூள் படிந்த சட்டையோடு மாலையில் அவர் பாலத்தைக் கடந்து வருவது இன்றும் கண்ணில் நிற்கிறது. வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தில் சிப்பிகாட் என்னுமிடத்தில் இரண்டு ஏக்கர் வயல் வாங்கினார். கரையோரம் சில தென்னைகளும் உண்டு. விடுமுறை நாள்களில் நமக்கு விளையாட்டுக் களமும் அதுவே.

2002-இல் தந்தையார் ஓய்வு பெற்று நம்மோடு தங்க வந்தபோது, வயலைத் தம் ஆலைத் தோழரிடம் குத்தகைக்கு விட்டார். அவர் கிழக்கு வங்காளத்திலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தையாரை 'தாதா' என்று அழைப்பார். நாம் அவரைக் 'காகா' என்போம். மொழி வேறு, ஊர் வேறு. இருவரும் ஒரே தூக்குச் சட்டியில் உண்டவர்கள்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். சுமத்ராவுக்கு அருகே 9.1 அளவில் நிலம் நடுங்கிற்று, ஆழிப்பேரலை எழுந்தது. அலை அடித்தது பலருக்குத் தெரியும். நிலம் தாழ்ந்தது அவ்வளவாகத் தெரியாது. நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் இறங்கிற்று. போர்ட் பிளேயர்ப் பக்கமும் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. அலை திரும்பிய பின்னும் சிப்பிகாட் வயல்களில் கடலோதம் நாள்தோறும் ஏறி நின்றது. நெல் விளைந்த நிலம் உப்பு நீராயிற்று.

2005 தொடக்கத்தில் காகாவின் கடிதம் வந்தது. அவ்வேளை தந்தையார் நெஞ்சுவலியால் மருத்துவமனையில் இருந்தார். கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். அவர் குணமடைந்த பின்னும் சொல்லத் துணிவு பிறக்கவில்லை. "குத்தகை வந்ததா?" என்று கேட்டார். வந்தது என்று கூறி நம் சம்பளத்திலிருந்து ஒரு தொகையைக் கொடுத்தோம். அடுத்த ஆண்டும் கொடுத்தோம். அப்பணத்தில் அவர் பொங்கல்தோறும் பேரக்குழந்தைகளுக்குப் புத்தாடை எடுப்பார். இவ்வாறு பதினெட்டு ஆண்டுகள் ஓடின.

2023 பிப்ரவரியில், "கண் மூடுமுன் வயலைப் பார்க்க வேண்டும்" என்றார் தந்தையார். வயது எண்பத்தொன்று. விமானம் வேண்டாம் என்றார். "கப்பலில் போன ஊருக்குக் கப்பலிலேயே போவேன்" என்றார். கொல்கத்தாவில் ஏறினோம். ஓதம் ஏறும் வரை காத்திருந்தே கப்பல் துறையை விட்டது. ஹூக்ளியின் மணற்றிட்டுகளை அறிந்த பைலட் இன்றி அங்கே பெருங்கப்பல் நகராது. டயமண்ட் ஹார்பர் கடந்து, சாகர் தீவு கடந்து, சேற்று நிற நீர் பச்சையாகி, பச்சை கருநீலமாயிற்று. கோலா மீன்கள் வெள்ளிக் காசுகளை வீசியதுபோல் பறந்தன. தந்தையார் தளத்தில் அமர்ந்து, உடன் வந்த கூலித் தொழிலாளரோடு அந்தமான் இந்தியில் உரையாடினார். இருபது ஆண்டு முதுமை கழன்று விழுந்தது போலிருந்தது. அவர் மகிழ மகிழ நமக்கு உணவு இறங்கவில்லை.

மறுநாள் கரை என்ற இரவில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். அவர் சினந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "கடிதம் எங்கே?" என்று மட்டும் கேட்டார். எடுத்துக் கொடுத்தோம். இந்தி பேசுவாரேயன்றி அவருக்கு எழுத்து தெரியாது. "படி, தம்பி" என்றார். தளத்து விளக்கடியில் படித்தோம். நிலம் போயிற்று, இவ்வாண்டுக் குத்தகை தர இயலவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு வரி பதில் வந்தால் என்மேல் கோபமில்லை என்று அறிந்துகொள்வேன் என்று காகா எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரியை நாம் அன்று சரியாகப் படிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தந்தையார் ஒன்றும் பேசாமல் படுக்கைக்குச் சென்றார்.

காலையில் ஹாடோ துறையில் இறங்கினோம். உடன் வந்தோர் சிற்றறைச் சிறையைக் காணச் சென்றனர். நாங்கள் நேரே சிப்பிகாட் சென்றோம். சாலையோரம் நின்று பார்த்தால் எங்கும் தண்ணீர். பட்டுப்போன மரங்களின் அடிகள் சில நின்றன. புதிதாய் முளைத்த அலையாத்திக் கன்றுகள் அவற்றைச் சூழ்ந்திருந்தன. தந்தையார் நெடுநேரம் நிற்கவில்லை. "அவன் வீட்டுக்குப் போவோம்" என்றார்.

மேட்டு நிலத்திற்குக் குடிபெயர்ந்திருந்த காகாவை விசாரித்துக் கண்டுபிடித்தோம். முற்றத்தில் அமர்ந்திருந்தவர் எழுந்து வந்து தந்தையாரின் கையைப் பற்றி, "தாதா, கோபம் தணிந்ததா?" என்றார். நாம் தலை குனிந்தோம். தந்தையார் நம்மைக் காட்டிக்கொடுக்கவில்லை. "கோபமா? உன் கடிதம் எனக்கு நேற்றிரவுதான் கிடைத்தது" என்றார். பிறகு நாமே உண்மையைச் சொல்லிக் காகாவின் காலைத் தொட்டோம். "உன் அப்பாவின் உடலுக்காகச் செய்தாய், என்னை மறந்துவிட்டாய்" என்றார் அவர். அதற்கு மறுமொழி இல்லை.

ஊர் திரும்பிய பின் தந்தையார் குத்தகையைப் பற்றிக் கேட்பதில்லை. ஞாயிறுதோறும் நண்பர்கள் இருவரும் தொலைபேசியில் பேசினர். 2024 இறுதியில் காகா மறைந்தார். பதினெட்டு ஆண்டுகளை நாம் பறித்தோம். அவர்களுக்கு மிஞ்சியது இரண்டாண்டுக்கும் குறைவு.

அன்பர்களே! இங்குக் கூடியுள்ள நாம் அனைவரும் ஏதோவோர் ஊரை விட்டு வந்தவர்கள். நிலம் மூழ்கினால் மீட்க நம்மால் ஆகாது. அங்கே விட்டு வந்த மனிதருக்கு ஒரு வரி எழுத நம்மால் ஆகும். முதியோரின் நலத்திற்கென்று அவர்தம் செய்திகளை மறைப்போரும் இச்சபையில் இருக்கலாம். அதன் விலையை வேறொருவர் செலுத்துகிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். இன்றிரவு வீடு சென்றதும் பெட்டியைத் திறந்து பாருங்கள். பதிலெழுதாத கடிதம் இருப்பின், நாளைய தபாலுக்கே எழுதிவிடுங்கள்.