கவளம் எண்ணுதல்



உணவை அளந்துண்பது பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையார் பணித்தனர். எதனை அளப்பது? இலையில் இட்டதையா, வயிற்றுக்குள் சென்றதையா? இரண்டும் ஒன்றல்ல.

மூலாசாரம் முதலிய நம் நூல்கள், புறத்தவம் ஆறனுள் உண்ணாநோன்பை அடுத்து அவமோதரியத்தை வைக்கின்றன. ஆடவர்க்கு 32 கவளம், பெண்டிர்க்கு 28 கவளம் நிறையுணவு. அதில் ஒரு கவளம் குறைத்தாலும் தவமே. இங்கே அளவுகோல் படியன்று, தராசன்று, உண்பவரின் கையே. அளப்பவரும் அவரே. கரத்தையே கலமாகக் கொண்டு, நின்றவாறு ஒருவேளை மட்டும் உண்ணும் நம் முனிவரிடம் இதனைக் கண்கூடாகக் காணலாம்.

அளவுகோல் பிறர் கைக்குச் சென்றால் என்னாகும் என்பதற்கும் சான்று உண்டு. பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றுவதற்கென்று 1782இல் தோன்றிய மணியக்காரர் சத்திரம் இந்த இராயபுரத்தில்தான் இருக்கிறது. ஸ்டான்லி மருத்துவமனையைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே முதியோர் இன்றும் சொல்வர். பின்னர் வந்த தாது வருடப் பஞ்சத்தில், 1877இல், சர் ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலையாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஏறத்தாழ 450 கிராம். மண் சுமப்பவனுக்கு அது எப்படிப் போதும்? சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களில் அளவு உயர்ந்தது.

1930களில் குன்னூர் ஆய்வுக்கூடத்தார் ஊர்களில் உணவுக் கணக்கெடுத்தனர். வீட்டுக்கு இவ்வளவு என்று கண்டு, ஆள் கணக்கில் வகுத்தனர். பயனுள்ள பணிதான். ஆனால் அந்த வீட்டில் யார் எவ்வளவு உண்டார் என்பதை அவ்வகுத்தல் சொல்லாது. 1980இல் அமெரிக்காவில் கிசிலெஃப் குழுவினர் தட்டின்கீழ் மறைவாகத் தராசை வைத்து, ஒருவர் உண்ண உண்ண உணவு குறைவதைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்யும் முறையை வெளியிட்டனர்.

அப்படியொரு தராசு திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் இருந்திருக்கலாம் என்று நான் எண்ணுவதுண்டு. தந்தையார் எண்ணூரில் ஆலைப்பணி முடித்து, பொழுது சாயுமுன் உண்ண வேண்டுமென்று விரைந்து வருவார். அன்னையார் அவர்க்கும் எங்கள் ஐவர்க்கும் இட்டு, எஞ்சியதைத் தாம் உண்பார். "போதுமா அம்மா?" என்றால் "அவமோதரியம்டா" என்று புன்னகைப்பார். தமிழாசிரியனாகிய நானும் அதனைத் தவமென்றே நம்பினேன். கடுமையான இரத்தசோகை என்று மருத்துவர் கூறிய பின்னரே, ஒருநாள் அருகமர்ந்து எண்ணினேன். பன்னிரண்டு கவளம். அன்று பாத்திரத்தில் அதற்குமேல் சோறு இல்லை. வேறு சோறு வடித்து இட்டபோது மறுக்காமல் உண்டார்.

தாமே குறைத்தாரா, குறைந்துபோயிற்றா? பாத்திரத்தில் சோறு மிச்சமிருக்கும்போதுதான் அந்த வேறுபாடு தெரியும்.

விழா உணவு ஆயத்தமாகிவிட்டது என்கிறார்கள். முதற்பந்தியில் பெண்கள் அமரட்டும். சாம்பார் வாளியை நான் எடுத்துக்கொள்கிறேன். சோற்றுக்கு இருவர் வாருங்கள்.