‘விட்டிடு பிள்ளை’ எண்டு சொன்னேன்

(எங்கட சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

நான் மேடையில் பேசிப் பழகாதவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன மாரிகாலத்தில் ஒருநாள், இரண்டாம் வகுப்புப் படிக்கும் என்ர மகள் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தும் கழட்டாமல் வாசலிலேயே நின்றாள். விளையாட்டுக்கு வட்டமாகக் கைகோர்க்கச் சொன்னபோது பக்கத்தில் நின்ற பெடியன் கை தரவில்லையாம். "உன்ர நிறம் ஒட்டும்" எண்டானாம். நான் இரவு வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றேன். "விட்டிடு பிள்ளை, கண்டுகொள்ளாதை" எண்டு சொல்லிப்போட்டுப் போய்விட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, "அப்பா, என்னைக் கூட்டிக்கொண்டு போகப் பள்ளிக்கூட வாசலுக்கு வராதேங்கோ, பஸ் தரிப்பிடத்தில் நில்லுங்கோ" எண்டாள். என்னைக் கண்டால் மற்றப் பிள்ளையள் என்ன சொல்லுவினமோ எண்டு அவளுக்கு வெட்கம். அண்டைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

‘விட்டிடு’ எண்டது எங்களுக்குப் பழகின சொல். 1980களில் பேர்ண் புகையிரத நிலையத்தில் தோல் ஜக்கெட்டோடு நின்ற எங்கட அண்ணன்மாரைப் போதைவஸ்து விற்பவர்கள் எண்டு சந்தேகித்துப் பத்திரிகைகள் எழுதின. அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போனார்கள். வாய் திறந்தால் திருப்பி அனுப்பிப்போடுவார்கள் எண்ட பயம். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்தப் பயத்தை ஏன் கொடுக்க வேணும்?

ரீச்சரிடம் நேரம் கேட்டு நானும் மனைவியும் போனோம். எந்த நாள், என்ன சொல் எண்டு தாளில் எழுதிக்கொண்டு போனோம். மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு முதலே கேட்டோம். மகள் எங்களைவிட நல்லா டொச்சும் றோமானிஷும் கதைப்பாள். ஆனாலும் தன்னை அவமதித்த சொல்லைத் தானே திருப்பிச் சொல்ல அவளை விடக்கூடாது.

ரீச்சர் முதலில், "பிள்ளையள் பகிடிக்குச் சொல்லுறதுதானே" எண்டா. "அப்ப ஏன் என்ர பிள்ளை சிரிக்கேல்லை?" எண்டு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. இனவெறிக்கு எதிரான சட்டத்தை 1994 செப்ரெம்பர் 25இல் இந்த நாட்டு மக்களே 54.6 வீத வாக்குகளால் ஏற்றுக்கொண்டார்கள். 1995 ஜனவரி 1இலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. சட்டம் காட்டி வெருட்ட நான் போகவில்லை. ஆனால் தெரிந்துகொண்டு போனால் குரல் நடுங்காது.

பிறகு ரீச்சர், என்ர மகளின் பெயரைச் சொல்லாமல், "உங்கட மூதாதையர் எந்த நாட்டுக்குப் பிழைக்கப் போனார்கள் எண்டு வீட்டில் கேட்டுக்கொண்டு வாங்கோ" எண்டு வகுப்புக்குச் சொன்னா. இந்த எங்கடின் சனமும் அகதிபோல் அலைந்த சனம்தான். வெனிஸ் நகரில் கேக், இனிப்பு செய்து பிழைத்தவர்களை அந்த அரசு 1766இல் வெளியேற்றியது. பிறகு ஐரோப்பா எங்கும் சிதறினார்கள். உழைத்துத் திரும்பியவர்கள் கட்டின பெரிய வீடுகளை நாங்கள் தினமும் பார்க்கிறோம். வெளியில் பிழைத்து, கோடையில் ஊருக்கு வருபவர்களுக்கு றோமானிஷில் ‘றந்துலின்ஸ்’ எண்டு பெயர். தகைவிலான் குருவிகளாம். அந்தப் பெடியன் வீட்டிலும் அப்படிப் போன ஒரு பாட்டன் இருந்தாராம். அதால் அவன் திருந்திவிட்டான் எண்டு சொல்லமாட்டேன். கை தருகிறான், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அதே சந்திப்பில் ரீச்சர் என்னிடம், "‘கறுவல்’ எண்டால் என்ன கருத்து?" எண்டு கேட்டா. ஒரு எரித்திரியாப் பிள்ளையைப் பார்த்து எங்கட தமிழ்ப் பிள்ளை ஒன்று சொன்னதாம். என்ர மகளும் பக்கத்தில் நின்று சிரித்தாளாம். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். கருத்தை நானே சொன்னேன். அந்தச் சொல்லை அந்தப் பிள்ளையள் எங்கட சாப்பாட்டு மேசையில்தான் பழகியிருப்பார்கள்.

இப்ப நான் பள்ளிக்கூட வாசலுக்கு வரலாமாம். ஆனால் வேலை உடுப்போடு வரவேண்டாமாம். அதைப்பற்றி நாங்கள் இன்னும் கதைத்து முடியவில்லை.