கடன் பத்திரமும் காலனிக் குழாயும்



கல்விச் சங்க மேடையில் சாக்கடையையும் கடனையும் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். நாம் பெற்ற கல்வி முதலில் பயன்பட வேண்டியது இத்தகைய கணக்குகளைப் படிப்பதற்கே என்பது நம் எண்ணம்.

பழுதான குழாயை மாற்ற அரசு மானியத்திற்குக் காத்திருப்பதே நகராட்சிகளின் நெடுநாள் வழக்கம். அகமதாபாத் மாநகராட்சி 1998இல் அரசின் உத்தரவாதமின்றியே கடன் பத்திரம் வெளியிட்டு 100 கோடி ரூபாய் திரட்டியது. அது பெருநகரம். சிற்றூர் நகராட்சியின் பத்திரத்தை எவர் வாங்குவார்?

இதற்குத் தமிழகம் ஒரு வழி கண்டது. குடிநீர், துப்புரவுப் பணிகளுக்கென ஒரு தொகுப்பு நிதியம் அமைத்து, பத்துக்கு மேற்பட்ட சிறு உள்ளாட்சிகளின் தேவைகளை ஒன்றாகக் கட்டி, 15 ஆண்டுத் தவணையில் சுமார் 30 கோடி ரூபாய்க்கு 2002இல் பத்திரம் வெளியிட்டனர். தனித்தனியே கடன் கிடைக்காதவர்கள் ஒருவருக்கொருவர் கைகோத்து ஈட்டிக்காரன் முன் நின்றது போன்ற ஏற்பாடு இது. அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி நிறுவனம் பொறுப்பேற்றது. தவணை தவறினால், உள்ளாட்சிக்கு அரசு தரும் நிதிப் பங்கிலிருந்தே பிடித்துக்கொள்ளவும் வகை செய்யப்பட்டது.

இந்தக் கடைசி ஏற்பாட்டைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்த நிதிப் பங்கில் காலனிக்கு வரவேண்டிய தெருவிளக்கும் அடங்கியிருக்கிறது, பாதையும் அடங்கியிருக்கிறது. ஊர்த்தெருவில் குழாய் பதித்த கடன் அடைபடாவிட்டால், குழாயே காணாத காலனியும் அதற்கு ஈடு செலுத்துகிறது! கடன் கொடுப்பவனோ கட்டணம் தவறாது வரும் தெருவையே விரும்புவான். அவன்மீது குற்றமில்லை, அவன் தொழில் அது. வரைபடத்தில் நம் தெரு இருக்கிறதா என்று பார்ப்பது நம் தொழில்.

திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சியாயிற்று. சுற்றுப்புற ஊராட்சிகளும் அதனோடு சேர்ந்தன. நம் அடி அண்ணாமலை வழியே பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் வலம் வருகின்றனர். 14 கிலோமீட்டர்ப் பாதையில் அவர்கள் பயன்படுத்தும் தண்ணீருக்கும் விட்டுச் செல்லும் கழிவுக்கும் ஆகும் செலவை, வீட்டு வரி கட்டும் உள்ளூரார் தலையில் மட்டும் ஏற்றுவது முறையாகாது. புதிய கடன் என்ற பேச்சு எழும்போது இதையும் எழுப்பியே தீர வேண்டும். (அந்தக் கழிவை அள்ளும் கைகள் யாருடையவை என்று இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை.)

1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் நகர மன்றங்களில் நம்மவர்க்கு இடஒதுக்கீடு உண்டு. கடன் தீர்மானத்திற்குக் கைதூக்குமுன் நம் உறுப்பினர் கேட்க வேண்டியவை பல: எந்தெந்தத் தெருக்கள், எத்தனை ஆண்டுத் தவணை, வட்டி எவ்வளவு, ஏழை வீட்டு இணைப்புக்கு வைப்புத்தொகை என்ன? ஆலந்தூரில் பாதாளச் சாக்கடைக்கு வீடொன்றுக்கு 5,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். அத்தொகையைக் கூலிக் குடும்பம் ஒரே முறையில் எவ்வாறு கட்டும்? தவணைக்கு இப்போதே வாதாட வேண்டும்.

2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் திட்ட மதிப்பீட்டைக் கேட்டுப் பெறலாம். நம் இளைஞருள் இருவர் அதனை எழுதி வாங்கி, அடுத்த மன்றக் கூட்டத்திற்கு முன் சங்க நூலக மேசையில் வைக்கட்டும்.