முடியும் மன்றமும்

மாணவ நண்பர்களே, பிரிட்டனை ஆள்பவர் மன்னர்தாமா என்று வகுப்பில் என்னைக் கேட்டோர் பலர். அங்குப் பாராளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்கும் நாளைப் பாருங்கள். முடி சூடிய மன்னர் பிரபுக்கள் சபையில் அரியணையில் அமர்ந்து, தம் அரசாங்கம் இன்னின்ன செய்யும் என்று வாசிக்கிறார். வாசிப்பவர் அவர், எழுதித் தந்தோர் அமைச்சர்கள். அதற்குமுன், காமன்ஸ் சபையினரை அழைத்துவரக் கருங்கோல் ஏந்திய அலுவலர் ஒருவர் செல்கிறார். அவர் முகத்தெதிரே கதவைச் சாத்துகிறார்கள்! மும்முறை தட்டிய பின்னரே அது திறக்கும். 1642இல் முதலாம் சார்லஸ் மன்னர் ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்யப் படைவீரர்களுடன் அங்கு வந்தார். அதனை அச்சபை இன்றும் மறக்கவில்லை. வெறுஞ்சடங்கு என நகைப்போர் உளர்; நான் நகையேன்.

மசோதா சட்டமாவதற்கு மன்னரின் இசைவு வேண்டும். அது கடைசியாக மறுக்கப்பட்டது 1708இல், ஆன் அரசியார் காலத்தில்; அதுவும் அமைச்சர்களின் ஆலோசனைப்படியே.

அங்ஙனமாயின், அமைச்சர் கூறும் ஆலோசனையே முறையற்றதாயின் என் செய்வது? 2019இல் பிரதமர் போரிஸ் ஜான்சனின் ஆலோசனைப்படி இரண்டாம் எலிசபெத் அரசியார் பாராளுமன்றத்தை ஐந்து வாரம் நிறுத்திவைக்க இசைந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தினின்று நாடு விலகவிருந்த நெருக்கடி வேளை. விவாதிக்க வேண்டிய சபையின் வாய் அடைபட்டது. அரசியார் மறுத்திருக்கலாகாதா என்பீர்கள். மறுத்திருந்தால் கட்சிப் பூசலில் முடியும் சிக்கியிருக்கும். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. செப்டம்பர் 24 அன்று 11 நீதிபதிகளும் ஒருமனதாக அந்த ஆலோசனை சட்டவிரோதமானது, நிறுத்திவைப்பும் செல்லாது என்றனர். அரசியார்மீது அவர்கள் குற்றஞ் சொல்லவில்லை. மறுநாளே சபை கூடியது.