கையுறை

(மருத்துவ மாணவர்கள் நடத்திய வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



டாக்டராகப் போறவங்க மத்தியில ஒரு பேங்க் கிளார்க்கைப் பேசக் கூப்பிட்டிருக்கீங்க. மருந்து பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு முகத்தைவிடக் கைதான் அதிகம் கண்ணில் படும். எந்தக் கையில் நோட்டைக் கொடுக்கிறார்கள், எந்தக் கைக்கு முன்னால் மேடைமேல் போட்டுத் தள்ளுகிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்தால் போதும், ஊரின் சாதிக் கணக்கை எழுதிவிடலாம். இதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் ஒரு மருத்துவ மாணவனின் டைரியை வாசித்தேன்.

நீங்க பனியன்ல போட்டிருக்கீங்களே, அவரேதான். ஆனா 1952ல் அவர் சே இல்லை. எர்னஸ்டோ குவேரா, பூனஸ் அயர்ஸ் மருத்துவ மாணவர், படிப்பு இன்னும் முடியவில்லை. கூட வந்தவர் அல்பெர்தோ கிரனாதோ, உயிர்வேதியியல் படித்தவர், அர்ஜென்டினாவில் தொழுநோய் விடுதியில் வேலை பார்த்தவர். மோட்டார் சைக்கிள் சிலியிலேயே படுத்துவிட்டது. பிறகு லாரி பிடித்துத்தான் பெரு நாட்டுக்குள் போகிறார்கள். லிமாவில் ஹியூகோ பெஸ்ஸே என்ற தொழுநோய் மருத்துவர், மார்க்சியர், மரியாதெகியின் தோழர், இவர்களுக்குச் சோறும் இடமும் கொடுக்கிறார். இடம் எதுவென்றால் தொழுநோய் மருத்துவமனை.

அங்கே இவர்கள் பெரிய வைத்தியம் ஒன்றும் பார்க்கவில்லை. கையுறை போடாமல் கைகுலுக்கினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள், பந்து விளையாடினார்கள். அவ்வளவுதான். கிளம்பும்போது நோயாளிகள் தங்களுக்குள் வசூல் செய்து நூறு சோலுக்குச் சற்று அதிகமாகக் கொடுத்தார்கள். கூடவே ஒரு கடிதமும்.

இந்த இடத்தில் நான் டைரியை மூடி வைத்துவிட்டேன். பணம் எண்ணுகிறவன் புத்தி, வேறென்ன! அந்த நூறு சோல் எதற்கான கூலி? மாத்திரைக்கா, ஊசிக்கா? தொட்டதற்கு. கைகுலுக்குவதை விலைமதிப்பில்லாததாக ஆக்கி வைத்த சமூகத்தில், அதைச் சும்மா கொடுத்த இரண்டு பேருக்குச் சும்மா இருந்தவர்கள் கொடுத்த பணம் அது.

விஞ்ஞானத்தையும் பாத்துடுவோம், நீங்க என்னைவிட நல்லா சொல்வீங்க. தொழுநோய் அவ்வளவு சுலபமாகத் தொற்றாது. பெரும்பாலானவர்களுக்கு இயல்பிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டு. சல்போன் மருந்துகள் 1940களிலேயே வந்துவிட்டன. குவேரா அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் கணக்குப் போட்டே சொல்கிறார்: ஆபத்து மிகச் சொற்பம், சாதாரண மனுஷனாக நடத்தப்படுவதால் அவர்களுக்குக் கிடைப்பதோ அளவிட முடியாதது. அப்படியென்றால் கையுறை யாரைக் காப்பாற்றியது? கிருமியிடமிருந்து டாக்டரையா? தீட்டிலிருந்து டாக்டரையா? தனிக் குவளையை 'சுத்தம்' என்று சொல்லி நியாயப்படுத்திய டீக்கடைக்காரனை நமக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அந்தக் குவளைக்கு ரப்பர் வாசனை.

தொழுநோயாளியை அடைத்துவைக்க வெள்ளைக்காரன் 1898ல் போட்ட சட்டத்தை இந்தியா 2016ல்தான் ரத்து செய்தது. விவாகரத்துக்கான காரணங்களிலிருந்து தொழுநோயை நீக்கியது 2019ல். மருந்து வந்து எத்தனை காலம், சட்டப் புத்தகத்திலிருந்து தீட்டுப் போக எத்தனை காலம் என்று பாருங்க.

சரி, சான் பாப்லோவுக்கு வருவோம். பெருவின் அமேசான் கரையில் உள்ள தொழுநோய்க் குடியிருப்பு. 1952 ஜூனில் இரண்டு வாரத்துக்குக் கிட்டத்தட்ட அங்கே தொண்டு வேலை. ஊழியர்கள் ஒரு பக்கம், நோயாளிகள் தனியாக இன்னொரு பக்கம், ஊரும் சேரியும்தான். அறுநூறு பேர் சொந்தக் குடிசைகளில், சொந்தத் தொழில் செய்துகொண்டு, தங்களுக்கென்று ஓர் ஒழுங்கோடு வாழ்ந்தார்கள் என்று டைரி சொல்கிறது.

2004ல் வந்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். பிறந்தநாள் இரவில் நாயகன் ஆற்றில் குதித்து நீந்தி நோயாளிகளிடம் போகிறார். கைதட்டல். டைரியிலும் நீச்சல் உண்டு. ஆனா அது அந்த இரவில், அவர்களைத் தேடிப் போன நீச்சல் இல்லை. டைரியில் ஆற்றின்மேல் வந்தவர்கள் நோயாளிகள். பிரியாவிடை சொல்லப் படகில் வாத்தியங்களோடு வந்தார்கள். அக்கார்டியன் வாசித்தவருக்கு வலது கையில் விரல்கள் இல்லை, மணிக்கட்டில் குச்சிகளைக் கட்டிக்கொண்டு வாசித்தார். பாடியவருக்குக் கண் தெரியாது. பேச எழுந்த ஒருவர் வார்த்தை வராமல் தவித்து, கடைசியில் டாக்டர்களுக்கு வாழ்த்துக் கோஷம் போட்டு முடித்தார்.

சினிமாவுக்கு இந்தப் படகு போதவில்லை. மீட்பர் வரணும், அதுவும் நீந்தி வரணும். குச்சி கட்டி வாசித்தவரின் பெயர் என்ன என்று நான் வாசித்த பக்கங்களில் தேடினேன், இல்லை.

அந்த இரவைப் பற்றி அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், விளக்கொளியில் தெரிந்த அந்த உருவங்களைப் பேய்ப்படக் காட்சிபோல என்கிறார் குவேரா. அன்போடுதான் எழுதுகிறார், சந்தேகமில்லை. ஆனால் தொட்ட கைக்கும் பார்த்த கண்ணுக்கும் நடுவில் இன்னும் தூரம் இருந்திருக்கிறது. நொடித்துப் போன மேட்டுக்குடி வீட்டுப் பிள்ளையின் கண் அது. அதே பயணத்தில் காரகாஸ் போனபோது கறுப்பின மக்களைச் சோம்பேறிகள் என்ற தொனியில் எழுதிய பக்கமும் டைரியில் இருக்கு. அதை மறைத்துவிட்டுச் சேவைக் கொண்டாடுகிற தோழர்களோடு எனக்குச் சண்டை உண்டு. 1965ல் அதே மனிதர் காங்கோவின் கறுப்பினப் போராளிகளோடு துப்பாக்கி தூக்கினார் என்பதையும் சேர்த்தே வாசிப்போம்.

பிறந்தநாள் விருந்தில் ஒரு பேச்சு பேசுகிறார். மெக்சிகோவிலிருந்து தெற்கு முனை வரை எல்லோரும் ஒரே கலப்பினம், இந்த நாட்டுப் பிரிவினைகள் பொய் என்று. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சான் பாப்லோவுக்குப் பக்கத்திலேயே யாகுவா மக்கள் வாழ்ந்தார்கள். இவரே போய்ப் பார்த்தவர்கள். மலையில் கெச்சுவா, அய்மாரா மக்கள். அவர்களைக் கேட்டா அந்த 'ஒரே' வந்தது? நம்மிடமும் 'எல்லோரும் ஒண்ணுதான்' என்று மைக்கில் முழங்குகிறவர்களை நிறையப் பார்த்தாச்சு. யார் சொல்கிறார், யாருடைய பெயர் அதில் கரைந்து போகிறது என்றுதான் முதலில் பார்க்கணும்.

இரண்டு வாரம் முடிந்து, இவர்களுக்கென்று கட்டிய 'மம்போ தாங்கோ' என்ற தெப்பத்தில் கொலம்பியாப் பக்கம் போய்விட்டார்கள். அறுநூறு பேர் அங்கேயே இருந்தார்கள். கிரனாதோ மட்டும் வெனிசுவேலாவில் இறங்கி மறுபடி தொழுநோய் விடுதி வேலையில் சேர்ந்தார். பனியன் போடுகிறவர்கள் அவர் முகத்தை அச்சடிப்பதில்லை. வருஷக்கணக்கில் தினமும் அதே கைகளைத் தொடுகிறவனுக்குப் போஸ்டர் கிடையாது போல.

உங்களில் சிலர் நாளைக்கு ஆப்பிரிக்காவுக்கோ நேபாளத்துக்கோ தொண்டு வேலைக்குப் போவீங்க. போங்க, போகணும். டைரியும் எழுதுங்க. போவதற்கு முன்னால் உங்க கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே, பிணவறையில் வேலை செய்கிறவர் கையில் நேராக டீ டம்ளரைக் கொடுக்கிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்க. அந்தக் கணக்கை இந்தக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. அடுத்த மாதம் அதை வைத்துப் பேசுவோம்.