வற்றிய மடிக்குள் நடப்பவை



இன்றைய அமர்வில் ஒட்டக மடித் திசு பற்றிப் பேசப்போகிறோம். ஒட்டகமே இல்லாத கம்பம் பள்ளத்தாக்கில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில், மேகமலை அடிவாரத்தில் கிடை போட்டு மேய்க்கப்படும் மலைமாடுதான். ஒட்டகத்தின் மடியில் பால் தேங்கும் குழி மிகச் சிறியது. பால் பெரும்பாலும் நுண்ணறைகளிலேயே தங்கியிருக்கும். வழக்கமாக, குட்டி முட்டி ஊட்டினால்தான் ஆக்ஸிடோசின் சுரந்து பால் இறங்கும். நம் மலைமாட்டிலும் கன்றை விடாமல் காம்பைத் தொட்டால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். கன்றை நம்பிச் சுரக்கும் மடி இரண்டுக்கும் பொது.

கறவைக் காலத்து மடித் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் நுண்ணறைகள் உப்பி நெருக்கமாக நிற்கும்; இடையிலுள்ள இணைப்புத்திசு மெல்லிய கோடாகத் தெரியும். பால் வற்றியபின் அறைகள் சுருங்கும், இணைப்புத்திசுவும் கொழுப்பும் விரியும், வெள்ளணுக்கள் வந்து குவியும். இதை ஓய்வு என்று பாடநூல்கள் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அப்போது பழைய செல்கள் அழிந்து புதியவை பிறக்கின்றன. கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் செய்யும் லாக்டோஃபெரின் பெருகுகிறது. காம்புத் துளையைக் கெராட்டின் அடைக்கிறது. சினையின் கடைசி வாரங்களில் சீம்பாலுக்கான எதிர்ப்புப் புரதங்கள் மடியில் சேர்கின்றன. பசுவுக்கு ஏறத்தாழ 60 நாள் வற்றுக்காலம் வேண்டும் என்பது இதனால்தான். மடிநோய் எளிதில் தொற்றுவதும் வற்றத் தொடங்கும் முதல் இரண்டு வாரங்களிலும் கன்று ஈனும் தறுவாயிலும்தான்.

இந்த அறிவில் பெரும்பகுதி, குறித்த நாளில் கறவையைச் சட்டென்று நிறுத்தும் பண்ணைப் பசுக்களிலிருந்து வந்தது. கிடையில் அப்படி யாரும் நிறுத்துவதில்லை. கன்று மேயப் பழகப் பழக ஊட்டு குறைகிறது, மடி மெதுவாக வற்றுகிறது. பண்ணை மடியிலும் கிடை மடியிலும் திசு ஒரே வேகத்தில், ஒரே வரிசையில் சுருங்குமா? எனக்கு இதுவே இந்தக் கருத்தரங்கின் தலையாய கேள்வி.

விடை காண அவகாசம் குறைவு. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் மேய்ச்சல் நிலம் சுருங்கினால் கிடையும் சுருங்கும். ஒரு கால்நடை எவ்வளவு விரைவாகக் குறையக்கூடும் என்பதற்கு ஒட்டகமே சான்று: நாட்டில் ஒட்டகங்கள் 2012-க்கும் 2019-க்கும் இடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து இரண்டரை லட்சமானதைக் கணக்கெடுப்பு காட்டுகிறது.

தேனி மாவட்டத்து வீரபாண்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 2020-இல் தொடங்கியது. அதன் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அறுவைக்கூடத்தில் கிடைக்கும் மடித் துண்டில் திசு தெரியும். அந்த மாட்டின் கதை தெரியாது. எத்தனை ஈற்று, ஈன்று எத்தனை மாதம், கன்று ஊட்டியதா, பால் வற்றி எத்தனை நாள் என்பதைக் கிடைக்காரர்தான் அறிவார். மலையில் இறக்கும் மாட்டின் மடியை, உரியவர் சம்மதத்தோடு, அந்த விவரங்களோடு சேர்த்துப் பாதுகாக்கும் பழக்கத்தை இந்த ஆண்டே தொடங்குங்கள். கிடைக்காரர் பெயரும் ஆய்வுக்கட்டுரையில் இடம்பெறட்டும்.